25 குண்டு, 27 நொடி, ஒரே ஓட்டை: அன்னி ஓக்லி ஏன் சின்ன ரைபிளை நம்பினார்?

சீட்டுக்கட்டில் இருந்து ஹார்ட்டின் ஏஸை உருவி எடுங்கள். நடுவில் ஒரே ஒரு சிவப்பு இதயம் இருக்கும். அந்தச் சீட்டை சுமார் 11 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். இப்போது 27 நொடிக்குள் அந்த இதயத்துக்குள்ளே 25 குண்டுகளைச் செலுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் ரைபிளின் லீவரைக் கீழே தள்ளி, மேலே இழுத்து, மறுபடி குறி பார்த்து, மறுபடி விசையை அழுத்த வேண்டும். ஒரு குண்டுக்குக் கிடைப்பது ஒரு நொடி சொச்சம்தான்.

1893-ல் அன்னி ஓக்லி என்ற அமெரிக்கப் பெண் இதைச் செய்து காட்டினார். சீட்டின் நடுவில் மிஞ்சியது ஓரம் பிய்ந்த ஒரே ஓர் ஓட்டை.

அவர் கையில் இருந்தது மார்லின் கம்பெனியின் 1891 மாடல் ரைபிள். அதில் போட்டது .22 ரிம்ஃபயர் தோட்டா. துப்பாக்கி உலகத்தில் இதைவிடப் பொடிசான தோட்டாவைத் தேடுவது கஷ்டம். முழங்காலில் இருந்து உச்சிக்குப் போன நட்சத்திரம், இவ்வளவு சின்னத் துப்பாக்கியை ஏன் எடுத்தார்? குறி தப்பாத ரைபிள் என்று எதை வைத்துச் சொல்வது? பதில் அவருடைய வாழ்க்கையிலேயே இருக்கிறது.

யார் இந்த அன்னி?

1860 ஆகஸ்ட் 13. அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணம், டார்க் கவுண்டியில் ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஃபீபி ஆன் மோசி. ஓக்லி என்பது பிறகு மேடைக்காக அவரே வைத்துக்கொண்ட பெயர்.

அவருக்கு ஆறு வயது ஆவதற்குள் அப்பா ஜேக்கப் இறந்துவிட்டார். பனிப்புயலில் மாட்டிக்கொண்டு வீடு திரும்பியவர், நிமோனியாவில் இருந்து மீளவே இல்லை. அம்மா சூசன் கையில் வரிசையாகப் பிள்ளைகள். வருமானம் என்று எதுவும் கிடையாது.

தான் முதன்முதலில் துப்பாக்கியைத் தொட்டது எட்டு வயதில் என்று அன்னி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் பழைய ரைபிளை இறக்கி, ஓர் அணிலைச் சுட்டாராம். அது நம்மூர் நாட்டுத் துப்பாக்கி மாதிரி, குழல் வாயில் கருமருந்தைக் கொட்டி, குண்டைத் திணித்துச் சுடும் வகை. ஒரு முறை சுட்டால் அவ்வளவுதான். அடுத்த குண்டு போடுவதற்குள் அணில் பக்கத்து ஊருக்கே போய்விடும். முதல் குண்டு தப்பினால் வீட்டில் அன்றைக்குக் கறி இல்லை. அன்னியின் குறி பிறந்த இடம் இதுதான்.

1870-ல் அம்மாவால் சமாளிக்க முடியாமல் அன்னியையும் அவருடைய அக்காவையும் ஏழைகள் விடுதியில் சேர்த்தார்கள். அங்கே தையல் கற்றுக்கொண்டார். அங்கிருந்து ஒரு குடும்பம் அவரை வீட்டு வேலைக்கு அழைத்துப் போனது. வாரம் 50 சென்ட் சம்பளம், கூடவே படிப்பு என்று பேச்சு. நடந்தது வேறு. அடி, பசி, ஓயாத வேலை. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் அடிமை வாழ்க்கை. கடைசிவரை அந்தக் குடும்பத்தின் பெயரை அன்னி எங்கேயும் சொல்லவில்லை. ஓநாய்கள் என்று மட்டும் குறிப்பிட்டார்.

வேட்டைதான் சம்பளம்

வீடு திரும்பிய பிறகு, அன்னி காட்டுக்குள் இறங்கினார். காடை, முயல், காட்டுக்கோழி என்று கிடைத்ததைச் சுட்டு, கிரீன்வில் ஊரில் இருந்த கட்சன்பெர்கர் மளிகைக் கடையில் விற்றார். அங்கிருந்து இறைச்சி ஹோட்டல்களுக்குப் போனது.

இங்கே ஒரு தொழில் ரகசியம் உண்டு. உடம்பில் குண்டு பட்ட இறைச்சி பாதி வீண். பெரிய குண்டு என்றால் மிஞ்சுவது சிறகும் எலும்பும்தான். ரவைகள் சிதறிப் பாய்ந்த பறவையைச் சமைத்தால், சாப்பிடுகிறவர் பல்லில் ஈயம் கடிபடும். அதனால் அன்னியின் சரக்குக்கு ஹோட்டல்களில் தனி மவுசு இருந்ததாகச் சொல்வார்கள். தலையில் ஒரே குண்டு, உடம்பில் கீறல் இல்லை.

அதாவது, அவருக்குக் குறி என்பது விளையாட்டுத் திறமையோ வீர சாகசமோ இல்லை. சரக்கின் தரம். குறி தப்பினால் காசு குறையும். 15 வயதில், இந்த வேட்டைக் காசிலேயே அம்மாவின் பண்ணை மீதிருந்த அடமானக் கடனை அடைத்து முடித்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வீட்டு லோனை குளோஸ் பண்ணுவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

தோற்றவரையே கல்யாணம் செய்த கதை

அப்போது பிராங்க் பட்லர் என்ற துப்பாக்கி வித்தைக்காரர் ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். அயர்லாந்தில் இருந்து வந்தவர். உள்ளூர் ஆட்களோடு பந்தயம் கட்டிச் சுடுவது அவர் வழக்கம். சின்சினாட்டி பக்கம் வந்தபோது 100 டாலர் பந்தயம். எதிரில் வந்து நின்றது ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண். 25-வது குறியில் பட்லர் தவறவிட்டார். அன்னி தவறவிடவில்லை.

இது நடந்தது 1875-ல் என்று ஒரு கணக்கு, 1881-ல் என்று இன்னொரு கணக்கு. திருமணத்துக்கும் இதே குழப்பம்தான். குடும்பம் சொல்வது 1876. பதிவில் இருக்கும் சான்றிதழ், கனடாவின் வின்ட்சர் ஊரில் 1882 ஜூன் 20 என்கிறது. தேதி எதுவாக இருந்தாலும் முடிவு ஒன்றுதான். தோற்றவர் ஜெயித்தவரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டார்.

அதைவிடச் சுவாரசியம் அதற்குப் பிறகு நடந்தது. 1882-ல் பட்லரின் கூட்டாளிக்கு உடம்பு சரியில்லாமல் போக, அந்த இடத்தில் அன்னி மேடை ஏறினார். கூட்டம் யாரைப் பார்க்க வருகிறது என்று பட்லருக்குச் சீக்கிரமே புரிந்தது. கொஞ்ச நாளில் அவர் சுடுவதையே விட்டுவிட்டு, மனைவிக்கு மேனேஜர் ஆனார். 19-ம் நூற்றாண்டில் ஓர் ஆண் இப்படி ஒதுங்கி நின்றது சாதாரண விஷயம் இல்லை.

1884-ல் லக்கோட்டா பழங்குடித் தலைவர் சிட்டிங் புல், அன்னி சுடுவதைப் பார்த்து அசந்துபோய் அவரை மகளாக ஏற்றுக்கொண்டார். குறி தப்பாத குட்டிப்பெண் என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார். 1885-ல் பஃபலோ பில் நடத்திய வைல்ட் வெஸ்ட் நிகழ்ச்சியில் அன்னி சேர்ந்தார். 1887-ல் லண்டனில் விக்டோரியா மகாராணி முன்னால் சுட்டார். 1889-ல் பாரிஸ் கண்காட்சி. 1894-ல் எடிசனின் ஸ்டூடியோவில் கேமரா முன்னால் சுட்டார். சினிமா பிறந்த காலத்திலேயே திரையில் தெரிந்த பெண்களில் அவரும் ஒருவர்.

சரி, .22 ரிம்ஃபயர் என்றால் என்ன?

.22 என்பது குண்டின் விட்டம். அங்குலத்தில் 0.22, அதாவது சுமார் 5.6 மில்லிமீட்டர். நாம் எழுதும் பென்சிலைவிடக் கொஞ்சம் ஒல்லி.

ரிம்ஃபயர் என்பது தோட்டா வெடிக்கும் விதம். பெரிய தோட்டாக்களில் பற்றவைக்கும் ரசாயனம் பின்பக்க நடுவில் தனிக் குப்பியாக இருக்கும். ரிம்ஃபயரில் அது பின்பக்க விளிம்புக்குள்ளேயே இருக்கும். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது தீப்பொறி கிளம்பி, மருந்து எரிந்து, குண்டு பறக்கிறது. விளிம்பு நசுங்க வேண்டும் என்பதால் உறை மெல்லிய தகடாகத்தான் இருக்க முடியும். மெல்லிய தகடு பெரிய அழுத்தத்தைத் தாங்காது. அதனால்தான் ரிம்ஃபயர் தோட்டாக்கள் பெரும்பாலும் சின்னதாகவும் சாதுவாகவும் இருக்கின்றன.

இந்த வகையில் 1857-ல் ஸ்மித் அண்ட் வெசன் கம்பெனி கொண்டுவந்த .22 ஷார்ட் முன்னோடி. 1887-ல் ஸ்டீவன்ஸ் கம்பெனி கொண்டுவந்த .22 லாங் ரைபிள்தான் இன்றுவரை உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருப்பது. வழக்கமான குண்டின் எடை சுமார் 2.6 கிராம்.

சாது என்பதில்தான் அதன் பலம். தோளில் உதை கிட்டத்தட்ட இல்லை. சத்தம் குறைவு. விலை குறைவு. உதைக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் வராது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுட்டுப் பழகலாம். அணில், முயல் போன்ற சிறு வேட்டையில் இறைச்சி சிதறாது. ஹார்ட்டின் ஏஸை 27 நொடியில் துளைக்க, துள்ளாத துப்பாக்கிதான் வேண்டும். யானைத் துப்பாக்கியால் அது நடக்காது.

சின்னது என்பதற்காக பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். மேல்நோக்கிச் சுட்ட .22 குண்டு ஒன்றரைக் கிலோமீட்டரையும் தாண்டிப் போகும். குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விசையைத் தொடக்கூடாது.

அவர் எப்படித் தேர்ந்தெடுத்தார்?

அன்னி எந்த பிராண்டுக்கும் வாழ்நாள் ரசிகை இல்லை. ஸ்டீவன்ஸ், மார்லின், வின்செஸ்டர் என்று பல கம்பெனித் துப்பாக்கிகள் அவரிடம் இருந்தன. ஏதோ ஒரு தயாரிப்புதான் உலகத்திலேயே உசத்தி என்று அடித்துச் சொல்பவருக்குத் துப்பாக்கி பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான் என்பது அவர் கருத்து. அதே நேரம், மட்டமான துப்பாக்கியை நம்பி உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார். அவர் வழியில் பார்த்தால் ரைபிள் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

*முதல் கேள்வி: உடம்புக்குப் பொருந்துகிறதா?* 1887-ல் லண்டனில் அன்னிக்குப் புறா சுடும் போட்டிகள் சரியாக வரவில்லை. சார்லஸ் லங்காஸ்டர் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் பார்த்துவிட்டு, துப்பாக்கி அவருக்குக் கனம் என்று கண்டுபிடித்தார். அன்னியின் உயரத்துக்கும் தோளுக்கும் ஏற்ப எடை குறைந்த ஷாட்கன்களைச் செய்து கொடுத்தார். ஆட்டம் திரும்பியது. ரைபிளுக்கும் இதே கணக்குதான். பின்கட்டை நீளமாக இருந்தால் கழுத்து வளையும், கண் சைட்டுக்கு நேராக வராது. உலகப் புகழ் பெற்றவருக்கே அளவு தவறினால் குறி தவறும் என்றால், நமக்குச் சொல்ல வேண்டியதே இல்லை.

*இரண்டாவது: எந்த வேலைக்கு?* காட்டில் நடந்து திரிய லேசான ரைபிள் வேண்டும். நின்ற இடத்தில் அட்டையைச் சுட, ஆடாத கனமான குழல் வேண்டும். ஒரு முறை ஒரு குண்டு மட்டும் போடும் ரைபிளில் பாகங்கள் குறைவு. பொறுமையும் தானாக வரும். மேடையில் வேகம் முக்கியம் என்பதால் மார்லின் லீவர் ரைபிள். அந்த 1891 மாடலில் .22 ஷார்ட், லாங், லாங் ரைபிள் என்ற மூன்று அளவுத் தோட்டாக்களையும் போட முடியும். அதன் வாரிசாக வந்த 1897 மாடலும் அன்னியிடம் இருந்தது.

*மூன்றாவது: எந்தத் தோட்டா?* வாங்கும்போது பலர் கோட்டைவிடும் இடம் இது. ஒரே கடையில் வாங்கிய, ஒரே மாடல் ரைபிள்கள் இரண்டுக்கும் ஒரே தோட்டா ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. நாலைந்து வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் பத்துப் பத்துக் குண்டு சுட்டு, எது நெருக்கமாக விழுகிறது என்று பார்க்க வேண்டும். போட்டியாளர்கள் ஒரே பெட்டி எண் வரிசைத் தோட்டாக்களை மொத்தமாக வாங்கி வைப்பது இதனால்தான். வேகமான தோட்டா நல்ல தோட்டா என்பதும் தவறு. ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதைத் தாண்டிக் கிளம்பும் குண்டு, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும்போது தடுமாறலாம். அதனால் போட்டித் தோட்டாக்களை அந்த வேகத்துக்குக் கீழேயே வைக்கிறார்கள்.

அன்னிக்கு இந்த விஷயத்தில் சமரசமே கிடையாது. 1889-ல் பிரான்ஸ் போனபோது, தனக்குப் பழகிய வெடிமருந்தை அங்கே கொண்டுபோகத் தடை. அதை வெந்நீர்ப் பைகளில் நிரப்பி, பெண்களின் உடைக்குள் மறைத்துக் கொண்டுபோன கதையை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சட்டப்படி தவறுதான். ஆனா பழகாத மருந்தை நம்பி மேடை ஏற அவர் தயாராக இல்லை.

*நான்காவது: விசை எப்படி?* விசை கரகரவென்று இழுபட்டால், விரல் அழுத்தும் அந்தக் கணத்திலேயே குழல் நகர்ந்துவிடும். கண்ணாடிக் குச்சி உடைவது மாதிரி சட்டென்று விடுபட வேண்டும். ரைபிள் வாங்கும்போது விலைப் பட்டியலில் தெரியாத, ஆனால் அட்டையில் உடனே தெரியும் விஷயம் இது.

இன்றைக்கு .22 எங்கே இருக்கிறது?

என்சிசி-யில் இருந்தவர்கள் பலர் .22 ரைபிளால்தான் முதல் முறை சுட்டிருப்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியும் .22-ல் நடப்பதுதான். அந்த அட்டையில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர்.

இந்தியாவில் .22 ரைபிளுக்கும் லைசென்ஸ் வேண்டும். வேட்டை, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அன்னி மாதிரி முயல் சுட்டு லோன் கட்டலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆர்வம் இருந்தால் ரைபிள் கிளப்தான் சரியான வாசல்.

குறி தப்பிய பத்திரிகைகள்

1901-ல் ஒரு ரயில் விபத்தில் அன்னிக்கு முதுகில் பலத்த அடி. வைல்ட் வெஸ்ட் நிகழ்ச்சியில் இருந்து விலகினார். அடுத்த அடி 1903 ஆகஸ்டில் விழுந்தது. இந்த முறை அடித்தது பத்திரிகை.

அன்னி ஓக்லி கொக்கைன் வாங்கத் திருடி, ஜெயிலில் இருக்கிறார் என்று சிகாகோவில் வில்லியம் ராண்டால்ப் ஹெர்ஸ்டின் பத்திரிகை செய்தி போட்டது. நாடு முழுக்க மற்ற பத்திரிகைகள் அதை அப்படியே எடுத்துப் போட்டன. ஒருவர்கூட அன்னியிடம் கேட்கவில்லை. கைதானது, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்த வேறொரு மேடை நடிகை. காப்பி, பேஸ்ட், ஃபார்வர்டு எல்லாம் செல்போன் வந்த பிறகு பிறந்த வியாதி என்று நினைத்திருந்தால், 120 வருடம் பின்னால் போங்கள்.

சில பத்திரிகைகள் மறுப்புப் போட்டன. அன்னிக்கு அது போதவில்லை. மொத்தம் 55 பத்திரிகைகள் மீது அவதூறு வழக்குப் போட்டார். அடுத்த ஆறேழு ஆண்டுகள் ஊர் ஊராக நீதிமன்றப் படி ஏறினார். ஏதாவது களங்கம் கிடைக்குமா என்று தேட ஹெர்ஸ்ட் தரப்பு ஆளை அனுப்பி ஒஹாயோவில் விசாரித்துப் பார்த்தது. ஒன்றும் சிக்கவில்லை. முடிவில் 55-ல் 54 வழக்குகளில் தீர்ப்போ சமரசமோ அவர் பக்கம்.

கிடைத்த இழப்பீட்டைவிட அலைந்த செலவு அதிகம் என்று சொல்வார்கள். பிறகு எதற்கு இவ்வளவு பாடு? வறுமையில் இருந்து வந்த ஒரு பெண்ணுக்கு நல்ல பெயர்தான் முதலீடு. அதோடு, அன்னி தன் தொழிலில் தனக்கு வைத்த விதி கடுமையானது. ஒவ்வொரு குண்டும் எங்கே போய் விழுகிறது என்பதற்குச் சுட்டவரே பொறுப்பு. அதே விதியை அச்சு இயந்திரத்துக்கும் பொருத்தினார். செய்தி டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு, இந்த வழக்குகள் அந்த ஏஸ் சீட்டைவிட முக்கியமான பாடம்.

கடைசி ஆண்டுகள்

பெண்கள் துப்பாக்கி சுடக் கற்க வேண்டும் என்பதில் அன்னி உறுதியாக இருந்தார். 1898-ல் ஸ்பெயினோடு போர் மூளும் சூழல் வந்தபோது, 50 பெண் வீரர்கள் கொண்ட படையைத் தருவதாக அதிபர் மெக்கின்லிக்குக் கடிதம் எழுதினார். அரசு ஏற்கவில்லை. அதற்காக அவர் ஓயவில்லை. வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் ஊரில் தங்கி, பெண்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தார். வாழ்நாளில் அவரிடம் பயின்ற பெண்கள் 15,000 பேர் என்று ஒரு மதிப்பீடு உண்டு.

1922-ல், 62 வயதில், ஒரு போட்டியில் பறந்த களிமண் தட்டுகளில் 100-க்கு 100 அடித்தார். அதே ஆண்டு கார் விபத்தில் சிக்கி, காலில் இரும்புப் பட்டை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று. அப்படியும் மறுபடி துப்பாக்கியைத் தூக்கினார்.

1926 நவம்பர் 3-ல், வேட்டை இறைச்சி விற்ற அதே கிரீன்வில் ஊரில் அன்னி இறந்தார். 18 நாட்கள் கழித்து பட்லரும் போய்ச் சேர்ந்தார்.

20 ஆண்டுகளுக்குப் பிறகு, 1946-ல், அவர் கதையை வைத்து பிராட்வேயில் ஒரு இசை நாடகம் வந்து சக்கைப்போடு போட்டது. அதில் அன்னி, காதலன் மனம் நோகக் கூடாது என்று கடைசிப் போட்டியில் வேண்டுமென்றே தோற்றுப்போவார். பல பேருக்கு இன்றுவரை தெரிந்த அன்னி அவர்தான்.

உண்மையில் நடந்தது வேறு. 25-வது குறியைத் தவறவிட்டவர் பட்லர். அன்னி அடித்தார்.